ஒளி புகும் பிளாஸ்டிக்கைச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்ரிலிக் ஷீட் வாங்கி விற்பவர்கள், பேக்கிங் ஃபிலிம் ஓட்டுபவர்கள், மோல்டிங் பட்டறை வைத்திருப்பவர்கள், பாலிமர் படிக்கும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. வரிசையாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஹேஸ், அதாவது ஒளி சிதறுவதால் வரும் மங்கல், பற்றிய பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், மற்ற பாதிக் கேள்விகள் அதில்தான் வந்து முட்டும்.

பார்த்தாலே தெளிவாகத் தெரிகிறதே, இதற்கு எதற்குச் சோதனை?

இரண்டு ஷீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது மங்கல் என்று கண் உடனே சொல்லிவிடும். போன மாதம் வந்த லாட்டைவிட இந்த மாத லாட் மங்கலா என்று கேட்டால் அதே கண் தடுமாறும். சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றால் கையில் ஓர் எண் வேண்டும்.

அதோடு, நாம் 'தெளிவு' என்று பொதுவாகச் சொல்வதில் பல குணங்கள் கலந்திருக்கின்றன. எவ்வளவு ஒளி கடந்து வருகிறது, கடந்து வந்ததில் எவ்வளவு சிதறுகிறது, எந்தக் கோணத்தில் சிதறுகிறது, நிறம் மாறுகிறதா, ஒளி எவ்வளவு வளைகிறது, உள்ளே அழுத்தம் உறைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை உண்டு. ஒன்றில் நன்றாகத் தேறும் பிளாஸ்டிக் அடுத்ததில் தோற்கலாம். விற்பவர் தேறியதை மட்டும்தான் அட்டையில் அச்சிடுவார், அது வியாபார வழக்கம்.

அக்ரிலிக் 92 சதவீத ஒளியைக் கடத்தும் என்கிறார்கள். மீதி 8 சதவீதம் எங்கே போகிறது?

நல்ல அக்ரிலிக்கில் அது உள்ளே உறிஞ்சப்படுவதில்லை. இரண்டு பரப்பிலும் பட்டுத் திரும்பிவிடுகிறது.

கணக்கு எளிது. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 0.49, ஒன்றைக் கூட்டினால் 2.49. முதலாவதை இரண்டாவதால் வகுத்து வர்க்கப்படுத்தினால் சுமார் 0.039 வரும். அதாவது நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 3.9 சதவீதம் முன்பரப்பிலேயே திரும்புகிறது, வெளியேறும் பரப்பில் இன்னொரு 3.9 சதவீதம். உள்ளேயே முன்னும் பின்னும் மோதுவதையும் சேர்த்துக்கொண்டால் கடந்து வருவது சுமார் 92.5 சதவீதம். பூச்சு எதுவும் இல்லாத அக்ரிலிக்குக்கு இயற்கை விதித்த உச்சவரம்பு இது. எத்தனை தூய்மையாகத் தயாரித்தாலும் இதைத் தாண்ட முடியாது.

பாலிகார்பனேட்டுக்கு ஒளிவிலகல் எண் 1.585. அதே கணக்கைப் போட்டால் ஒரு பரப்பில் 5.1 சதவீதம் திரும்பும், மொத்தக் கடத்தல் 90 சதவீதத்தைத் தொடும். பாலிஸ்டைரீனும் (1.59) அதே இடத்தில்தான் நிற்கும். ஆகவே பாலிகார்பனேட் 89 காட்டினால் அது மட்டமான சரக்கு அல்ல, ஏறக்குறைய அதன் உச்சத்தில் இருக்கிறது. அக்ரிலிக் 89 காட்டினால்தான் ஏன் என்று கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டால் இன்னொரு பயனும் உண்டு. 'எங்கள் அக்ரிலிக் 98 சதவீதம்' என்று ஒருவர் சொன்னால், பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். பூச்சு இல்லை என்றால் அந்த எண் தவறு. வாதம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

'ஒளி' என்றால் எந்த ஒளி? புற ஊதாவும் இதில் சேருமா?

சேராது. சதவீதத்தில் சொல்லப்படும் ஒளிக் கடத்தல், மனிதக் கண்ணின் உணர்திறனுக்கு ஏற்ப எடைபோட்ட எண். பகல் வெளிச்சத்தில் நம் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் அருகே உள்ள மஞ்சள் கலந்த பச்சையை. அந்த உணர்திறன் வளைவை 1924இல் சிஐஇ என்ற சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் வரையறுத்தது. ஒளிக் கடத்தலையும் ஹேஸையும் அளக்கும் ஹேஸ் மீட்டரின் விளக்கும் வடிகட்டியும் உணரியும் சேர்ந்து அந்த வளைவைத்தான் பின்பற்றுகின்றன.

புற ஊதா தெரிய வேண்டுமென்றால் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அலைநீளம் அலைநீளமாக அளக்க வேண்டும். நிறமே இல்லாத சாதாரண பாலிகார்பனேட் சுமார் 380 நானோமீட்டருக்குக் கீழே பெரும்பாலான புற ஊதாவைத் தடுத்துவிடும். கறுப்பாகச் சாயம் ஏற்றிய ஒரு மலிவுக் கூலிங் கிளாஸ் தடுக்காமல் விட்டுவிடலாம். இருட்டாக இருப்பதற்கும் புற ஊதாவைத் தடுப்பதற்கும் சம்பந்தமில்லை.

ஹேஸ் என்றால் சரியாக என்ன?

பிளாஸ்டிக்கைக் கடந்து வரும் ஒளியில், வந்த திசையிலிருந்து 2.5 டிகிரிக்கு மேல் விலகிச் சிதறுவது எத்தனை சதவீதம் என்பதுதான் ஹேஸ். அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் டி1003இல் உள்ள வரையறை இது.

ஒன்றைக் கவனியுங்கள். கடந்து வந்த ஒளியில்தான் பங்கு கேட்கிறோம், விழுந்த ஒளியில் அல்ல. ஆகவே ஹேஸ் 10 என்றால் 10 சதவீத ஒளி காணாமல் போய்விட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது. பரப்பில் பட்டுத் திரும்பியது போக மீதி எல்லா ஒளியும் மறுபக்கம் வந்து சேர்ந்திருக்கலாம், அதில் பத்தில் ஒரு பங்கு திசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பால் நிறத்தில் இருக்கும் எல்இடி விளக்கு மூடியில் ஹேஸ் மிக உயர்ந்திருக்கும், ஒளிக் கடத்தலும் நன்றாகவே இருக்கும். இரண்டு எண்ணையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் இந்தத் துறையில் நான் அடிக்கடி பார்க்கும் குழப்பம்.

நல்ல அக்ரிலிக் ஷீட்டில் ஹேஸ் ஒன்றுக்குக் கீழே இருக்கும். 30ஐத் தாண்டினால் டி1003 அந்தப் பொருளை ஒளி பரப்பும் பொருள் என்று ஒதுக்கிவிடுகிறது. அதன்பின் எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளி போகிறது என்று அளக்கும் வேறு முறைக்குப் போக வேண்டும்.

ஹேஸ் மீட்டருக்குள் என்ன நடக்கிறது?

நடுவில் ஓர் உருண்டை. உட்புறம் முழுக்க, ஒளியை எல்லாத் திசையிலும் சமமாகத் திருப்பும் வெள்ளைப் பூச்சு. ஒருபக்கத் துளை வழியாக இணையான ஒளிக்கற்றை உள்ளே நுழையும், நேர் எதிரே இன்னொரு துளை இருக்கும். உருண்டைச் சுவரில் ஓர் உணரி உட்கார்ந்து, உள்ளே மொத்தம் எவ்வளவு ஒளி நிரம்பியிருக்கிறது என்று பார்க்கும்.

எதிர்த் துளையை வெள்ளைத் தகட்டால் மூடினால், நேராக வந்த ஒளியும் சிதறிய ஒளியும் சேர்ந்து உருண்டைக்குள் தங்கும். அது மொத்தக் கடத்தல். துளையைத் திறந்து ஒளிப்பொறியை வைத்தால் நேராக வந்த ஒளி அதற்குள் போய் மறையும், சிதறியது மட்டும் உள்ளே தங்கும். இந்த இரண்டையும் சாம்பிள் வைத்தும் வைக்காமலும் எடுக்கிறோம், ஆக நான்கு அளவீடுகள். சாம்பிள் இல்லாமல் எடுப்பது வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். கருவியின் லென்ஸில் இருக்கும் தூசியும் கொஞ்சம் ஒளியைச் சிதறடிக்கும், அந்தப் பங்கைக் கழித்தால்தான் பிளாஸ்டிக்கின் கணக்கு நேராகும். இன்றைய கருவிகளில் இதெல்லாம் ஒரு பொத்தானில் முடிந்துவிடுகிறது.

செய்முறையில் முக்கியமான விஷயம்: சாம்பிள் நுழைவுத் துளையை ஒட்டி இருக்க வேண்டும். கொஞ்சம் இடைவெளி விட்டாலும் அகலக் கோணத்தில் சிதறிய ஒளி துளைக்கு வெளியே போய்விடும், ஹேஸ் குறைவாகக் காட்டும். வளைந்த ஹெல்மெட் கண்ணாடியையும் பாட்டில் துண்டையும் அப்படியே வைத்து அளந்து 'ஹேஸ் ரொம்பக் கம்மி' என்று மகிழ்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹேஸ் குறைவாக இருந்தும் பின்னால் உள்ள எழுத்து குழம்பித் தெரிகிறதே?

அது கிளாரிட்டி பிரச்சினை. ஹேஸ் 2.5 டிகிரிக்கு மேல் சிதறுவதை மட்டும் கணக்கில் எடுக்கிறது. அதற்கும் குறைந்த கோணத்தில், நேர்கோட்டை ஒட்டியே லேசாகச் சிதறும் ஒளி அந்தக் கணக்கில் வராது. ஆனால் எழுத்தின் விளிம்பைக் கரைப்பது அந்த ஒளிதான்.

அகலக் கோணச் சிதறல் ஒரு புகை மூட்டம்போல் மாறுபாட்டைக் குறைக்கிறது: கறுப்பு சாம்பலாகத் தெரியும், விளிம்பு கூர்மையாகவே இருக்கும். சிறுகோணச் சிதறலில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், விளிம்பு மட்டும் கலங்கும். தூரம் கூடக் கூட இந்தக் கலங்கலும் கூடும். ஃபிலிமை அச்செழுத்தின்மேல் ஒட்டி வைத்தால் பளிச்சென்று தெரிவதும், அதையே நான்கு விரற்கடை உயர்த்தினால் படிக்க முடியாமல் போவதும் இதனால்தான்.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவுக்கு வரலாம். ரொட்டிப் பையில் ரொட்டி ஃபிலிமைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது, கிளாரிட்டி சுமாராக இருந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இனிப்புப் பெட்டியின் ஜன்னலில் லட்டு ஓர் அங்குலம் தள்ளி இருக்கிறது, அங்கே கிளாரிட்டி இல்லையென்றால் வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். இரண்டுக்கும் ஹேஸ் எண் ஒன்றாகவே இருக்கலாம்.

ஒரே ஷீட், ஒரு லேபில் 92, இன்னொரு லேபில் 93.5. யாரை நம்புவது?

இரண்டுபேரும் சரியாக அளந்திருக்கலாம். எந்தத் தரநிலையில் அளந்தார்கள் என்று பாருங்கள்.

டி1003 முறையில் சாம்பிள் இல்லாமல் அளக்கும்போது நுழைவுத் துளை திறந்திருக்கிறது, உருண்டைக்குள் சுழலும் ஒளியில் ஒரு பகுதி அதன் வழியே வெளியே தப்புகிறது. சாம்பிள் வைத்ததும் அந்தத் துளை மூடப்பட்டு, தப்ப இருந்த ஒளியில் கொஞ்சம் சாம்பிளின் பரப்பில் பட்டு மீண்டும் உள்ளே திரும்புகிறது. உணரிக்கு இது தெரியாது, கடத்தல் கூடிவிட்டதாகக் காட்டும். ஐஎஸ்ஓ 13468 முறையில் இதை ஈடுகட்ட உருண்டையில் தனி ஏற்பாடு உண்டு, அதனால் எண் சற்றுக் குறைவாக, உண்மைக்கு அருகில் வரும். மேலே போட்ட 92.5 கணக்கைத் தாண்டும் அக்ரிலிக் ரிப்போர்ட்டைப் பார்த்தால் முதலில் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வரும்.

ஹேஸுக்கு ஐஎஸ்ஓவில் தனி எண், 14782. எந்த விளக்கின் ஒளியைக் கணக்கில் எடுத்தார்கள் என்பதும் மாறுபடும். பழைய முறையில் சி, புதியதில் டி65 என்ற நியம ஒளி. நிறமற்ற ஷீட்டில் இதனால் பெரிய வித்தியாசம் வராது, சாயம் ஏற்றியதில் வரும்.

தடிமன் எவ்வளவு முக்கியம்?

மிகவும் முக்கியம். தடிமன் எழுதாத ஹேஸ் எண்ணை நான் படிப்பதே இல்லை. ஆனால் தடிமன் இரட்டிப்பானால் ஹேஸும் இரட்டிப்பாகும் என்று நினைக்கக் கூடாது, ஏனென்றால் ஹேஸ் இரண்டு இடத்தில் பிறக்கிறது. ஒன்று பரப்பின் சொரசொரப்பு, மற்றொன்று உள்ளே இருக்கும் படிகங்கள், தூசி, குமிழி. உள்ளே பிறப்பது தடிமனோடு கூடும், பரப்பில் பிறப்பது கூடாது.

எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அழகான வழி ஒன்று இருக்கிறது. ஃபிலிமின் ஒளிவிலகல் எண்ணுக்கு நெருக்கமான எண்ணெயை இரண்டு கண்ணாடி ஸ்லைடுக்கு நடுவே விட்டு, அதில் ஃபிலிமை அமிழ்த்தி அளப்பது. பாலித்தீனுக்கு நுண்ணோக்கியில் பயன்படுத்தும் 1.515 எண்ணெய் போதும். எண்ணெய் மேடு பள்ளங்களை நிரப்பிவிடும், பரப்பு ஹேஸ் காணாமல் போகும், மிஞ்சுவது உள் ஹேஸ். எல்டிபிஇ (அடர்த்தி குறைந்த பாலித்தீன்) ஃபிலிமில் இப்படிப் பார்த்தால் பெரும்பகுதி பரப்பில்தான் இருப்பது தெரியும். அப்போது மூலப்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. உருகல் வெளியேறும் வாயான டையின் இடைவெளி, உருகலின் வெப்பநிலை, குளிர்விக்கும் காற்று இவற்றைத்தான் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்கை அரிக்காத எண்ணெயாகத் தேர்ந்தெடுங்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தெளிவாக வர வேண்டிய பொருள் பால்போல் வருவது ஏன்?

பிளாஸ்டிக்கைப் பொறுத்துக் காரணம் மாறும். அக்ரிலிக், பாலிகார்பனேட், பாலிஸ்டைரீன் மூன்றிலும் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன, அதனால்தான் இயல்பாகவே தெளிவு. பாலிப்ரொப்பிலீன் படிகமாகும் இனம். அதன் படிக உருண்டைகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரிதாக வளரும், ஒளி அவற்றில் மோதிச் சிதறும். சார்பிட்டால் வகைக் கிளாரிஃபையரைச் சிறிது சேர்த்தால் ஒரே சமயத்தில் ஏராளமான இடங்களில் படிகம் தொடங்கி, எதுவுமே பெரிதாக வளர முடியாமல் போகும். இன்று கடைகளில் பார்க்கும் தெளிவான பிபி டப்பாக்கள் இப்படி வந்தவைதான்.

பெட் பாட்டில் செய்பவர்களுக்கு இரண்டு விதமான வெண்மை வரும், இரண்டும் நேரெதிர். பிரிஃபார்ம் (ஊதிப் பாட்டிலாக்கும் முன் இருக்கும் தடித்த குழாய்) மெதுவாகக் குளிர்ந்தாலோ, ஊதும் முன் அதிகமாகச் சூடேறினாலோ படிகம் வளர்ந்து மங்கும். மாறாக, சூடு போதாமல் இழுத்தால் சுவருக்குள் நுண்ணிய வெடிப்புகள் விழுந்து முத்துப்போல் மின்னும் வெண்மை வரும். முதலாவதற்குச் சூட்டைக் குறைக்க வேண்டும், இரண்டாவதற்குக் கூட்ட வேண்டும். எது எது என்று தெரியாமல் ஹீட்டரைத் திருகினால் இரவு முழுக்கத் திருகிக்கொண்டே இருக்கலாம்.

பாலிகார்பனேட்டில் வெள்ளிக் கோடுகள் தெரிந்தால் முதலில் ஈரத்தைச் சந்தேகியுங்கள். சுமார் 120 டிகிரி செல்சியஸில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகே அந்தக் குருணை மெஷினுக்குள் போக வேண்டும். அப்புறம் கலப்படம்: ஒன்றோடொன்று கலக்காத இரண்டு தெளிவான பிளாஸ்டிக்கைச் சேர்த்து உருக்கினால், ஒளிவிலகல் எண் பொருந்தாதபோது கிடைப்பது மங்கலான பொருள். மறுசுழற்சிக் குருணை வாங்குபவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள்.

சாம்பிளை எப்படித் தயார் செய்வது?

டி1003 கேட்பது எளிமையானதுதான்: துளையை முழுவதும் மூடும் அளவுக்கு, 50 மி.மீ. சதுரமோ வட்டமோ. 23 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் குறைந்தது 40 மணி நேரம் வைத்திருந்து அளக்க வேண்டும். கோடையில் டெம்போவில் வந்து இறங்கிய ஷீட்டை உடனே வெட்டி அளக்கக் கூடாது.

உண்மையான தொல்லை கைரேகையும் தூசியும்தான். பாதுகாப்பு ஃபிலிமை உரிக்கும்போது ஷீட்டில் நிலைமின்னூட்டம் ஏறி, அறையில் உள்ள தூசியை எல்லாம் இழுத்துக்கொள்ளும். அயனியூட்டிய காற்றை ஊதினால் போகும். துடைத்தே ஆக வேண்டும் என்றால் மென்மையான சோப்பு நீர், மெல்லிய மைக்ரோஃபைபர் துணி. பாலிகார்பனேட்டில் அசிட்டோன் பட்டால் அந்தச் சாம்பிள் முடிந்தது. அம்மோனியா கலந்த ஜன்னல் கிளீனரும் அதற்கு ஆகாது. அக்ரிலிக்கை ஆல்கஹாலில் துடைத்தால், உள்ளே அழுத்தம் உறைந்திருக்கும் இடங்களில் மயிரிழை வெடிப்புகள் விழலாம்.

மஞ்சளாவதை எப்படி அளக்கிறார்கள்?

யெல்லோனெஸ் இண்டெக்ஸ் என்ற எண்ணால். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் தரும் நிற மதிப்புகளிலிருந்து ஏஎஸ்டிஎம் இ313 சூத்திரப்படி கணக்கிடுவது. பழைய டி1925 முறை 1995இல் விலக்கிக்கொள்ளப்பட்டுவிட்டது, ஆனாலும் சில கொள்முதல் ஆவணங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பார்த்தால் மாற்றச் சொல்லுங்கள்.

பாலிகார்பனேட் வெயிலில் மஞ்சளாவது அதன் வேதியியலிலேயே இருக்கிறது. புற ஊதா பட்டதும் சங்கிலியின் கார்பனேட் இணைப்புகள் இடம் மாறியும் ஆக்சிஜனேற்றம் அடைந்தும் நீல ஒளியை உறிஞ்சும் பொருட்களாக மாறுகின்றன. நீலம் போனால் கண்ணுக்கு மஞ்சள். அதனால்தான் கூரை ஷீட்டுகளில் வெயில் படும் பக்கத்தில் மட்டும் புற ஊதா தடுப்பு அடுக்கு வைக்கிறார்கள். தலைகீழாகப் பொருத்தினால் பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பு வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருக்கும். எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்க்க, செனான் விளக்கின் கீழோ புற ஊதாக் குழல் விளக்கின் கீழோ வைத்து, முன்னும் பின்னும் மஞ்சள் எண்ணையும் ஹேஸையும் ஒப்பிடுவார்கள்.

ஒரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும். துளி நீலச் சாயம் சேர்த்தால் மஞ்சள் எண் இறங்கிவிடும், பொருள் 'பளிச்' என்று தோன்றும். ஆனால் சாயம் ஒளியை உறிஞ்சும், மொத்தக் கடத்தலும் குறையும். மஞ்சள் எண் மிக அழகாகவும் கடத்தல் சற்றுத் தாழ்வாகவும் இருந்தால் என்ன நடந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். இது மோசடி அல்ல, பரவலான நடைமுறை. தெரிந்து வாங்குங்கள்.

ஒளிவிலகல் எண்ணை எப்படி அளப்பது? அது யாருக்குத் தேவை?

அபே ரிஃப்ராக்டோமீட்டரில். பளபளப்பாக்கிய சிறு துண்டைக் கருவியின் முப்பட்டகத்தின்மேல் ஒரு சொட்டுத் திரவம் விட்டு ஒட்டவைத்து, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டைப் பார்ப்பது. அந்தத் திரவத்தின் ஒளிவிலகல் எண் பிளாஸ்டிக்கினதைவிட அதிகமாக இருக்க வேண்டும், அதே சமயம் பிளாஸ்டிக்கைக் கரைக்கவும் கூடாது. இரண்டாவது நிபந்தனையில்தான் பாலிஸ்டைரீனும் பாலிகார்பனேட்டும் தகராறு செய்யும்.

தேவைப்படுவது லென்ஸ் செய்பவர்களுக்கு. எண் உயர்ந்தால் லென்ஸை மெல்லியதாகச் செய்யலாம். ஆனால் அதனுடன் அபே எண்ணையும் பார்க்க வேண்டும், ஒளி நிறங்களாகப் பிரிவதைச் சொல்லும் எண் அது. குறைந்தால் அதிகம் பிரியும். மூக்குக்கண்ணாடிக்கு நெடுங்காலமாகப் பயன்படும் சிஆர்-39 பிளாஸ்டிக்கில் 58, பாலிகார்பனேட்டில் 30 மட்டுமே. பவர் அதிகமுள்ள பாலிகார்பனேட் கண்ணாடி போட்டவர்கள் ஓரமாகப் பார்க்கும்போது விளக்குகளைச் சுற்றி நிற விளிம்பு தெரிகிறது என்று சொல்வது கற்பனை இல்லை.

போலராய்டு வழியாகப் பார்த்தால் வானவில் நிறங்கள் தெரிகின்றன. பொருளில் கோளாறா?

உள்ளே அழுத்தம் உறைந்திருக்கிறது என்று அர்த்தம். மோல்டுக்குள் வேகமாகப் பாய்ந்து சட்டென்று குளிர்ந்த இடங்களில் மூலக்கூறுகள் ஒருதிசையில் இழுபட்டபடி நின்றுவிடும். அங்கே ஒளி இரண்டு வேகத்தில் போகும், இரட்டை ஒளிவிலகல் என்பது இதைத்தான். குறுக்காக வைத்த இரண்டு போலராய்டுக்கு (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் தகடு) நடுவே அது நிறப்பட்டையாகத் தெரியும். உருகல் மோல்டுக்குள் நுழையும் கேட் இருக்கும் இடத்தில் பட்டைகள் நெருக்கமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒளியியலில் அழுத்தம் இப்படித் தெரியும் என்று ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் 1815 வாக்கிலேயே கண்டுவிட்டார்.

கோளாறா என்பது பயனைப் பொறுத்தது. டிபன் டப்பா மூடியில் இருந்தால் ஒளியியல் ரீதியாக ஒன்றுமில்லை, ஆனால் அதிகமாக இருந்தால் எண்ணெயோ கிளீனரோ பட்டு அந்த இடத்தில் விரிசல் விடும். குறுந்தகடு பாலிகார்பனேட்டில் செய்யப்பட்டது, அதில் இந்தக் குணம் லேசர் வாசிப்பையே கெடுக்கும் என்பதால் கடுமையான வரம்பு வைத்தார்கள். அக்ரிலிக்கில் இந்த விளைவு இயல்பாகவே மிகச் சிறியது. அதனால் அக்ரிலிக்கில் நிறம் தெரியவில்லை என்பதற்காக அழுத்தம் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

கீறல் விழுவதற்குச் சோதனை உண்டா?

உண்டு, டேபர் சோதனை. சுழலும் மேடையில் சாம்பிளை வைத்து, அதன்மேல் இரண்டு சிறிய உராய்வுச் சக்கரங்களைக் குறித்த எடையில் அழுத்தி ஓட்டுவார்கள். சிஎஸ்-10எஃப் சக்கரம், 500 கிராம், 100 சுற்று என்பது வழக்கமான ஒரு சேர்க்கை. ஓட்டிய பிறகு ஹேஸ் எவ்வளவு கூடியது என்பதே முடிவு. பூச்சில்லாத பாலிகார்பனேட் இதில் பரிதாபமாகத் தோற்கும். சுத்தியலால் அடித்தால் உடையாத பொருள், சக்கரத்தில் சில சுற்றிலேயே மூடுபனியாகிவிடும். ஹெல்மெட் வைசருக்கும் கார் முகப்பு விளக்கு மூடிக்கும் கடினப் பூச்சு போடுவது இதனால்தான்.

பளபளப்பும் இதில் சேருமா?

பளபளப்பை அளக்கும் கிளாஸ் (gloss) மீட்டரில் தனியாக அளக்கிறோம். ஃபிலிமுக்கு ஏஎஸ்டிஎம் டி2457, கோணம் 20, 45 அல்லது 60 டிகிரி. ஃபிலிமைச் சுருக்கமில்லாமல் விரித்துப் பின்னால் பளபளப்பில்லாத கறுப்பு வைக்காவிட்டால் அளவீடு செல்லாது. கோணம் எழுதாத கிளாஸ் எண்ணும் அப்படித்தான்.

ஹேஸ் குறைவாக இருப்பதுதான் எப்போதும் நல்லதா?

இல்லை. பசுமைக்குடில் ஃபிலிமில் மொத்தக் கடத்தலைக் குறைக்காமல் ஹேஸை வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள். நேர் வெயில் மேலிலைகளைச் சுட்டுக் கீழிலைகளை நிழலில் விடும். சிதறிய ஒளி செடியின் உள்ளடுக்குகள் வரை போகும். விளக்கு மூடிகளில் எல்இடி புள்ளி புள்ளியாகத் தெரியாமல் இருக்கவும் ஹேஸ்தான் வேண்டும். அங்கே வித்தை என்பது ஹேஸைக் கூட்டி, கடத்தலை இழக்காமல் இருப்பது.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கும் இதே சோதனைகள்தானா?

அங்கே கதை வேறு. பிரிட்டிஷ் கண் மருத்துவர் ஹாரல்டு ரிட்லி 1949இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் உள்விழி லென்ஸை வைத்தபோது பயன்படுத்தியது அக்ரிலிக். இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் அக்ரிலிக் மூடி உடைந்து விமானிகளின் கண்ணில் தங்கிய துணுக்குகளைக் கண் பெரிதாக எதிர்க்கவில்லை என்று கவனித்ததிலிருந்து பிறந்த யோசனை அது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் 1992 முதல் இந்த லென்ஸ்களைச் செய்து, விலையைச் சாதாரண மக்களுக்கு எட்டும்படி இறக்கியது.

ஹேஸும் கடத்தலும் இந்த லென்ஸுக்குப் போதாது. படிமம் எவ்வளவு கூர்மையாக விழுகிறது என்பதே கேள்வி. ஐஎஸ்ஓ 11979இன் இரண்டாம் பகுதிப்படி, கண்ணைப்போல் அமைத்த மாதிரியில் திரவத்துக்குள் லென்ஸை வைத்து, நெருக்கமான கோடுகளின் மாறுபாட்டை எவ்வளவு காப்பாற்றுகிறது என்று அளப்பார்கள். திரவத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு: காற்றில் அளந்தால் லென்ஸின் பவரே வேறாக வரும்.

லேப் இல்லாமல் கடையிலேயே ஏதாவது பார்க்க முடியுமா?

முடியும், கொஞ்சம். கறுப்புத் துணிக்கு முன்னால் ஷீட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் செல்போன் டார்ச்சை அடியுங்கள். ஹேஸ் இருந்தால் வெண்மையாக ஒளிரும். அச்செழுத்துக்கு மேலே மெல்ல உயர்த்திப் பார்த்தால் கிளாரிட்டி தெரியும். வெள்ளைத்தாளின்மேல் வைத்து விளிம்பு வழியாகப் பார்த்தால் மஞ்சள் தெரியும், ஏனென்றால் அங்கே ஒளி நீண்ட தூரம் பொருளுக்குள் பயணிக்கிறது. லேப்டாப் திரையை வெள்ளையாக்கி, அதன்முன் மோல்டிங்கைப் பிடித்து, போலராய்டு கூலிங் கிளாஸைச் சுழற்றிப் பார்த்தால் உறைந்த அழுத்தம் நிறமாகத் தெரியும். எல்சிடி திரையே ஒரு போலராய்டு என்பதால் இது சாத்தியம்.

தமிழ்நாட்டில் எங்கே கொடுத்துச் சோதிக்கலாம்? ரிப்போர்ட்டில் என்ன பார்ப்பது?

சென்னை கிண்டியில் சிப்பெட் இருக்கிறது, பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்காக 1968இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். தனியார் லேப்களும் உண்டு. எங்கே கொடுத்தாலும் குறிப்பிட்ட அந்தச் சோதனைக்கு என்ஏபிஎல் (லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். லேபுக்கு அங்கீகாரம் இருந்தாலும் உங்கள் சோதனை அதன் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம்.

ரிப்போர்ட்டில் தரநிலை எண்ணும் ஆண்டும், சாம்பிளின் தடிமன், எத்தனை துண்டு, எந்த ஒளிமூலம், ஹேஸ் மீட்டரா ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரா என்பதும் இருக்க வேண்டும். டி1003இல் இரண்டு கருவிக்கும் தனித்தனிச் செய்முறை உண்டு, எண்கள் முழுவதும் ஒத்துப்போகாது. கொள்முதல் ஆர்டரிலும் இப்படியே எழுதுங்கள்: '3 மி.மீ., டி1003 செய்முறை ஏ, ஹேஸ் 1க்கு மிகாமல்' என்பதுபோல. 'நல்ல தெளிவான ஷீட்' என்று எழுதிவிட்டுப் பிறகு சண்டை போட்டால் ஜெயிக்க முடியாது.

ஹேஸ் 0.3க்கும் 0.4க்கும் வித்தியாசம் உண்டா?

கருவி இரண்டு தசமம் காட்டுகிறது என்பதற்காக அதெல்லாம் உண்மையாகிவிடாது. அந்த அளவில் ஒரு கைரேகை, ஒரு தூசி போதும் முடிவைத் திருப்ப. ஒரே துண்டை எடுத்து வைத்து மீண்டும் மீண்டும் அளந்து பாருங்கள். அந்த அளவீடுகளுக்கு இடையே எவ்வளவு ஏறி இறங்குகிறதோ, அதைவிடச் சிறிய வித்தியாசத்துக்காக ஒரு லாட்டையும் நிராகரிக்க வேண்டாம்.